இமைப்பொழுது வாழ்வும் நுண்ணிய தராசும்

காலத்தின் மிகச் சிறிய அளவைக் குறிக்கத் தமிழ் இலக்கண ஆசிரியர்கள் கருவி எதையும் தேடிச் செல்லவில்லை. இயல்பாகக் கண் இமைக்கும் நேரத்தையும் கைவிரல் நொடிக்கும் நேரத்தையும் ஒரு மாத்திரை என வகுத்து, அதனைக் கொண்டே எழுத்துகளின் ஒலியளவைக் கணக்கிட்டனர். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை, மகரக் குறுக்கத்திற்குக் கால். அதற்கும் கீழே அளந்து பார்க்க வேண்டிய தேவை அவர்களுக்கு எழவில்லை.

இன்றைய விஞ்ஞானிகளுக்கோ அத்தேவை எழுந்துள்ளது. லித்தியம்-11 என்றொரு அணுக்கரு உண்டு. அதன் அரை ஆயுட்காலம் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதாவது, அவ்வளவு நேரத்திற்குள் அவ்வகை அணுக்கருக்களில் பாதி சிதைந்து வேறொன்றாகிவிடும். நாம் ஒருமுறை கண் இமைத்துத் திறப்பதற்குள் ஆயிரத்தில் ஒன்றுகூட எஞ்சியிராது. இத்தகையதொன்றைப் பிடித்து நிறுத்தி, அதன் எடையையும் பருமனையும் துல்லியமாக அளக்க இயலுமா? இயலும் என்பது மட்டுமன்று, அளந்தே விட்டனர். அவர்கள் அதனை எவ்வாறு செய்தனர், அத்துணை முயற்சி எதற்காக என்பதை வாசகர்களுக்கு எளிய முறையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலையானவை சில, நிலையற்றவை பல

பொருள்கள் யாவும் அணுக்களால் ஆனவை. அணுவின் நடுவே கரு ஒன்று உள்ளது. அக்கருவில் மின்னேற்றம் உடைய புரோட்டான்களும் மின்னேற்றம் அற்ற நியூட்ரான்களும் நெருங்கிப் பிணைந்து கிடக்கின்றன. புரோட்டான்களின் எண்ணிக்கையே அது எந்தத் தனிமம் என்பதைத் தீர்மானிக்கும். ஆறு இருந்தால் கரி. எழுபத்தொன்பது இருந்தால் பொன். நியூட்ரான்களின் எண்ணிக்கையோ கூடலாம், குறையலாம். அவ்வாறு வேறுபட்ட, ஆனால் ஒரே தனிமத்தைச் சேர்ந்த கருக்களை ஐசோடோப்புகள் என்பர்.

இவ்விரு துகள்களும் தக்க விகிதத்தில் அமைந்தால்தான் கரு நிலைத்து நிற்கும். இவ்வாறு நிலைத்தவை ஏறத்தாழ 250 மட்டுமே. நாம் உண்ணும் உணவு, மிதிக்கும் மண், அணியும் ஆடை ஆகிய அனைத்தும் பெரும்பாலும் இவற்றால் ஆனவை. ஆனால் ஆய்வுக்கூடங்களில் இதுவரை கண்டறியப்பட்ட கருக்கள் மூவாயிரத்திற்கும் மேற்பட்டவை. இருக்கக்கூடியவை ஏறத்தாழ ஏழாயிரம் எனக் கணித்துள்ளனர். எனவே, நாம் அன்றாடம் காணும் உலகம் அணுக்கருக்களின் மொத்தக் குடும்பத்தில் ஒரு சிறு கிளையே. எஞ்சியவை தோன்றிய கணமே மறையத் தொடங்குபவை. வழக்கமான விகிதத்தினின்று வெகுதூரம் விலகிய இவற்றை அயற்பண்புக் கருக்கள் என அழைக்கலாம்.

உண்டாக்கும் உலை

நிலையற்ற கருக்களை உண்டாக்கிய இடத்திலேயே, உண்டான கையோடு பிரித்தெடுத்து ஆராயும் முறையை 1951ஆம் ஆண்டில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இரு விஞ்ஞானிகள் முதன்முதலில் செய்து காட்டினர். கோஃபோட்-ஹான்சன், நீல்சன் என்பன அவர்கள் பெயர்கள். இம்முறை பின்னர் ஜெனீவாவுக்கு அருகில், சுவிட்சர்லாந்து, பிரான்சு நாடுகளின் எல்லையில் அமைந்துள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் பெரிய அளவில் மேற்கொள்ளப்பட்டது. அங்கே 1967ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஐசோல்டே என்னும் பகுதி இயங்கத் தொடங்கி, இன்றளவும் பணியாற்றி வருகின்றது. எழுபதுக்கும் மேற்பட்ட தனிமங்களின் ஆயிரத்து முந்நூறுக்கும் அதிகமான ஐசோடோப்புகளை அது ஆராய்ச்சியாளர்களுக்கு அளித்துள்ளது.

அதன் செயல்முறை இதுவே. வேகமூட்டப்பட்ட புரோட்டான்களை யுரேனியம் கார்பைடு போன்ற ஒரு பொருளின்மீது மோதவிடுவர். மோதலில் யுரேனியக் கருக்கள் உடைந்து, பலவகைச் சிறு கருக்கள் சிதறும். அவ்விலக்குப் பொருளை ஏறத்தாழ இரண்டாயிரம் பாகை வெப்பத்தில் வைத்திருப்பதால், புதிதாய்ப் பிறந்த அணுக்கள் அதனுள்ளிருந்து விரைந்து கசிந்து வெளிவரும். தேவையான தனிமத்தை மட்டும் தெரிந்தெடுப்பதற்கு லேசர் ஒளி துணை செய்கின்றது. ஒவ்வொரு தனிமத்தின் எலக்ட்ரான்களும் தமக்கே உரிய சில நிறங்களின் ஒளியைத்தான் ஏற்கும். ஆதலின், அந்நிறங்களைச் சரியாகத் தேர்ந்து பாய்ச்சினால் அத்தனிமம் மட்டும் எலக்ட்ரானை இழந்து மின்னேற்றம் பெறும்; பிற தனிமங்கள் வாளாவிருக்கும். பின்னர் மின்னழுத்தத்தால் அவற்றை இழுத்துக் காந்தப்புலத்தின் ஊடே செலுத்துவர். கனமானது குறைவாகவும் இலேசானது மிகுதியாகவும் வளையும். முறத்தில் புடைக்கும்போது நெல்லும் பதரும் வெவ்வேறாய் ஒதுங்குவது போல, வெவ்வேறு எடையுள்ளவை வெவ்வேறு வழியில் பிரிந்து செல்லும்.

சுழற்சியே தராசு

இனி, அவற்றை நிறுக்கும் முறையைக் காண்போம். மின்னேற்றம் பெற்ற துகள் ஒன்று வலிமைமிக்க காந்தப்புலத்தில் வட்டமிட்டுச் சுழலும். அது எத்தனை வேகமாகச் சுற்றுகின்றது என்பது அதன் எடையைப் பொறுத்தது. கனம் மிகுந்தால் சுற்று குறையும். ஆகவே சுற்றுகளைக் கணக்கிட்டால் எடை தெரிந்துவிடும். துகள் வெளியே ஓடிவிடாதபடி மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து காக்கும் இக்கருவிக்குப் பென்னிங் பொறி என்று பெயர். இதனை உருவாக்கிய ஹான்ஸ் டெமெல்ட் 1989இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். நிலையற்ற கருக்களை நிறுப்பதற்கு இப்பொறியைப் பயன்படுத்தும் முறையை ஐசோல்டேயில் 1980களில் ஜெர்மனியைச் சேர்ந்த குளுகேயும் அவர்தம் குழுவினரும் நிறுவினர்.

இந்தத் தராசு எத்துணை நுண்ணியது? பத்துக் கோடியில் ஒரு பங்கு வேறுபாட்டையும் அது காட்டிவிடும். பத்து டன் பாரம் ஏற்றிய லாரி ஒன்றை நிறுத்து, அதன்மேல் நான்கைந்து அரிசி மணிகளை வைத்தார்களா எடுத்தார்களா என்று சொல்லுவதற்கு இஃது ஒப்பாகும். மேலே கூறிய லித்தியம்-11ஐ, கனடா நாட்டின் வான்கூவர் நகரிலுள்ள டிரையம்ஃப் நிலையத்தில் 2008ஆம் ஆண்டில் இவ்வாறு நிறுத்தனர். அதுவரை பென்னிங் பொறியில் நிறுக்கப்பட்டவற்றுள் மிகக் குறைந்த ஆயுளுடையது அதுவே.

எடையை இத்துணை நுட்பமாக அறிவதன் பயன் யாது? கருவின் எடை, அதிலுள்ள துகள்களின் தனித்தனி எடைகளைக் கூட்டினால் வரும் தொகையைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். குறைந்த அந்த எடைதான், ஐன்ஸ்டைன் காட்டிய விதிப்படி, துகள்களைப் பிணைத்து வைக்கும் ஆற்றலாக மாறியுள்ளது. எடை தெரிந்தால் பிணைப்பின் வலிமை தெரியும்.

மூன்று வளையங்கள்

இவ்வாராய்ச்சி வெளிப்படுத்திய புதுமைகளுள் ஒன்றிரண்டைக் கூறுவோம். 1985ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானி இசாவோ தனிஹாட்டாவும் அவர்தம் குழுவினரும் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் செய்த சோதனையில், லித்தியம்-11 தன் அண்டைக் கருக்களைக் காட்டிலும் மிகப் பெரியதாய் இருக்கக் கண்டனர். பதினொரு துகள்களே உள்ள அது, 208 துகள்கள் கொண்ட ஈயக் கருவின் அளவுக்குப் பரந்து விரிந்திருக்கின்றது. அதன் நடுவே ஒன்பது துகள்கள் நெருக்கமாக அமைந்திருக்க, எஞ்சிய இரு நியூட்ரான்கள் தொலைவில், நிலவைச் சுற்றிய ஒளிவட்டம் போல மெல்லியதாய்ப் பரவியுள்ளன என்று பின்னர் விளக்கப்பட்டது.

இதில் வியப்பு யாதெனில், நடுக்கருவோடு ஒரு நியூட்ரானை மட்டும் சேர்த்தால் அது நிற்பதில்லை. இரு நியூட்ரான்களை மட்டும் சேர்த்தாலும் அவை ஒட்டுவதில்லை. மூன்றும் ஒன்றுகூடினால்தான் பிணைப்பு உண்டாகின்றது. ஒன்றை நீக்கினால் எஞ்சிய இரண்டும் பிரிந்துவிடும். இத்தகைய கருக்களுக்கு இயற்பியலார் சூட்டியிருக்கும் பெயர் கத்தோலிக்க வாசகர்களுக்குப் பழக்கமானதொரு குடும்பத்தைச் சேர்ந்தது. மிலான் நகரின் பேராயராய் விளங்கி 1584இல் இறந்த புனித சார்லஸ் பொரோமேயுவின் குடும்பச் சின்னத்தில், ஒன்றோடொன்று கோக்கப்பட்ட மூன்று வளையங்கள் உண்டு. அவற்றுள் எந்த இரண்டும் நேராகக் கோக்கப்பட்டவை அல்ல. மூன்றும் சேர்ந்தே பிணைந்திருப்பவை. ஒன்றை வெட்டினால் மூன்றும் தனித்தனியே விழும். அதனாலேயே இக்கருக்கள் பொரோமேயுக் கருக்கள் எனப்படுகின்றன.

உருவத்திலும் புதுமை உண்டு. கருக்கள் யாவும் உருண்டையானவை என நினைப்பது தவறு. பாதரசத்தின் ஐசோடோப்புகளில் நியூட்ரான்களை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே சென்றபோது, ஓரிடத்திற்குப் பின் ஒன்று உருண்டையாகவும் அடுத்தது நீள்வட்டமாகவும் மாறி மாறி வருவதை ஐசோல்டேயில் 1970களின் தொடக்கத்தில் கண்டனர். ஒரே ஒரு நியூட்ரானைச் சேர்ப்பதோ நீக்குவதோ கருவின் வடிவையே மாற்றிவிடுகின்றது. இதற்கான காரணத்தை விளக்கும் கணக்கீடுகள், மேலும் நுட்பமான அளவீடுகளுடன் 2018இல்தான் வெளிவந்தன. கண்டறிதலுக்கும் விளக்கத்திற்கும் இடையே ஏறத்தாழ ஒரு தலைமுறைக்கும் மேற்பட்ட காலம் கடந்துவிட்டது.

குறையும் கணக்கு

நிற்க. இத்துறையில் இன்று தீர்ப்பை எதிர்நோக்கி நிற்கும் பெரியதொரு வழக்கை இனி எடுத்துக்கொள்வோம்.

புரோட்டானும் நியூட்ரானும்கூடக் குவார்க்குகள் எனப்படும் நுண்துகள்களால் ஆனவை. நிலையற்ற கரு ஒன்று பீட்டாச் சிதைவுக்கு உள்ளாகும்போது, ஒருவகைக் குவார்க் வேறொரு வகையாக மாறுகின்றது. மேல் குவார்க் எனப்படுவது மூவகைக் குவார்க்குகளோடு இத்தகைய மாற்ற உறவு கொண்டுள்ளது. மூன்றிற்கும் உரிய பங்குகளைக் கூட்டினால் சரியாக ஒன்று வரவேண்டும் என்பது இன்று வழங்கும் கோட்பாடு.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். ஒரு மரக்கால் நெல்லை மூன்று பாத்திரங்களில் பகிர்ந்து ஊற்றினோம் என்க. மூன்றையும் மீண்டும் அளந்து கூட்டினால் ஒரு மரக்கால் வரவேண்டும். குறைந்தால் மூன்றில் ஒன்றே காரணமாகும். அளந்தவர் பிழைத்திருக்க வேண்டும். அல்லது அளவைப் படி தேய்ந்திருக்க வேண்டும். அல்லது நாம் அறியாத நான்காவது பாத்திரம் ஒன்றில் கொஞ்சம் நெல் போயிருக்க வேண்டும்.

இக்கணக்கின் அடிப்படையை 1963இல் வகுத்தவர் இத்தாலிய அறிஞர் நிக்கோலா கபீபோ. அவர் காலத்தில் இரு பாத்திரங்களே தெரிந்திருந்தன. 1973இல் ஜப்பானியர்களான கொபயாஷியும் மஸ்கவாவும் அதனை விரிவாக்கினர். மூன்றாவது அவ்விரிவில் வந்து சேர்ந்தது. இவ்விருவருக்கும் 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. கபீபோவின் பெயர் அதில் இடம்பெறாதது இயற்பியலார் பலருக்கு வருத்தம் அளித்தது. அவர் 1993 முதல் 2010இல் இறக்கும் வரை பாப்பிறை விஞ்ஞானக் கழகத்தின் தலைவராய்ப் பணியாற்றியவர் என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

மூன்று பங்குகளுள் முதலாவது ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. இரண்டாவது ஏறத்தாழ ஐந்து. மூன்றாவது நூறாயிரத்தில் ஓரிரு பங்கே. ஆகவே முதற்பாத்திரத்தை எத்துணைத் துல்லியமாக அளக்கின்றோமோ அத்துணைத் துல்லியமே முழுக் கணக்குக்கும் வாய்க்கும். அதனை அளப்பதற்கு உகந்தவை, மிக எளிய முறையில் பீட்டாச் சிதைவுறும் சில குறைந்த ஆயுட்கருக்களே. கரி-10, ஆக்சிஜன்-14, அலுமினியம்-26இன் கிளர்ச்சியுற்ற நிலை முதலியவை அவற்றுட் சில. ஒவ்வொன்றிற்கும் மூன்று செய்திகள் தேவை. அதன் அரை ஆயுட்காலம் எவ்வளவு? சிதையும்போது வெளிப்படும் ஆற்றல் எவ்வளவு? அது செல்லக்கூடிய பல வழிகளுள் இந்த வழியில் செல்வது எத்தனை விழுக்காடு? இரண்டாவது கேள்விக்கு விடை தருவது நாம் மேலே கண்ட தராசே. ஹார்டி, டவுனர் என்னும் இரு அறிஞர்கள் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக உலகெங்கும் செய்யப்பட்ட இத்தகைய அளவீடுகளைத் திரட்டி, ஒவ்வொன்றையும் சோதித்து, ஏற்பதை ஏற்று, தள்ளுவதைத் தள்ளி வந்தனர். அவர்கள் 2020இல் வெளியிட்ட தொகுப்பில் இருநூற்றுக்கு மேற்பட்ட அளவீடுகள் இடம்பெற்றன.

நெடுங்காலம் கணக்கு ஒன்று எனவே வந்துகொண்டிருந்தது. 2018இல் கோட்பாட்டாளர்கள் இதில் சேர்க்க வேண்டிய ஒரு திருத்தத்தை மறுபடியும் கணக்கிட்டனர். அதன்பின் கூட்டுத்தொகை ஒன்றுக்குச் சற்றே குறைந்தது. குறை ஆயிரத்தில் ஓரிரு பங்கே. அளவீட்டுப் பிழையால் நேர்ந்திருக்கலாம் என்று தள்ளிவிடுவதற்கு அது சற்று மிகுதி. புதிய இயற்கை விதி கிடைத்துவிட்டது என்று பறைசாற்றுவதற்கோ அது போதாது.

இந்நிலையில் விஞ்ஞானிகள் செய்தது யாது? ஒவ்வொரு படியையும் எடுத்து, தேய்ந்துள்ளதா என்று பார்க்கத் தொடங்கினர். அலுமினியம்-26இன் கிளர்ச்சியுற்ற நிலைக்கு அரை ஆயுட்காலம் ஆறு நொடிக்குச் சற்று மேல். அருள் நிறைந்த மந்திரம் ஒன்றை நிதானமாகச் சொல்லி முடிப்பதற்குள் அவற்றில் பாதிக்குமேல் மறைந்துவிடும். கணக்கில் மிகுந்த முதன்மை பெற்ற இக்கருவின் பருமன் அதுவரை நேரில் அளக்கப்படவே இல்லை. அண்டைக் கருக்களைக் கொண்டு உத்தேசமாக மதிப்பிட்ட எண்ணையே பயன்படுத்தி வந்தனர். கரு பெரிதானால் அதனைச் சுற்றும் எலக்ட்ரான்கள் ஏற்கும் ஒளியின் நிறம் மிகமிகச் சிறிதளவு மாறும். இதனைக் கொண்டு ஐசோல்டேயிலும் பின்லாந்து நாட்டின் யூவாஸ்குலா நகரிலும் லேசர் ஒளியால் அதன் பருமனை அளந்து, 2023இல் வெளியிட்டனர். கரு, மதிப்பிட்டதைவிடப் பெரியது என்பது தெரியவந்தது. திருத்திய எண்ணைக் கணக்கில் சேர்த்தபோது, கூட்டுத்தொகை ஒன்றை நோக்கி மிகச் சிறிதே நகர்ந்தது. இடைவெளி மூடவில்லை. ஆனால் உத்தேசம் இருந்த இடத்தில் உண்மை வந்து அமர்ந்தது. நான்காவது பாத்திரம் உண்டா இல்லையா என்பதை, இத்தகைய பொறுமையான அளவீடுகள் பல ஒன்றுசேர்ந்தே முடிவு செய்யும்.

நம் இல்லத்தில் இதன் தொடர்பு

ஜெனீவாவிலும் வான்கூவரிலும் நடக்கும் இவற்றால் நமக்கென்ன என்று கேட்போர் இருக்கலாம். மங்கையர் கழுத்திலுள்ள பொன் எங்கிருந்து வந்தது என்பதை எண்ணிப் பார்ப்போமாக. பொன்னைச் சாதாரண விண்மீன்களின் அமைதியான எரிதல் உண்டாக்குவதில்லை. நியூட்ரான்கள் வெள்ளமாய்ப் பாயும் இடத்தில், கருக்கள் அவற்றை அடுத்தடுத்து விழுங்கி, நிலையற்ற வடிவங்கள் பலவற்றைக் கடந்து, பின்னரே பொன் முதலிய கனத்த தனிமங்களாக முதிர்கின்றன. 2017 ஆகஸ்டு 17ஆம் நாள், பதின்மூன்று கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய நிகழ்ச்சியை விஞ்ஞானிகள் ஈர்ப்பலைகளாலும் ஒளியாலும் உணர்ந்தனர். கனத்த தனிமங்கள் அங்கே உருவானதற்கான அடையாளங்கள் அவ்வொளியில் தென்பட்டன. எந்தத் தனிமம் எவ்வளவு உண்டாகும் என்று கணிக்க வேண்டுமாயின், இடையே தோன்றி மறையும் குறைந்த ஆயுட்கருக்களின் எடையும் ஆயுளும் தெரிந்தாக வேண்டும். அவற்றைத் தருவன இந்த ஆய்வுக்கூடங்களே. பல கோடி ஆண்டுகள் மாறாதிருக்கும் பொன், நொடிப்பொழுதும் நிலையாத முன்னோர்களின் வழிவந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

நோயாளிகளுக்கும் இத்துறையால் நன்மை உண்டு. கருக்களைப் பிரித்தெடுக்கும் இதே நுட்பத்தை மருத்துவ ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த, செர்னில் மெடிசிஸ் என்னும் பிரிவு 2017இல் தொடங்கப்பெற்றது. டெர்பியம் என்னும் தனிமத்தின் நான்கு ஐசோடோப்புகள் அங்கு ஆராயப்படுவனவற்றுள் குறிப்பிடத்தக்கவை. அவற்றுட் சில புற்றுநோய்க் கட்டி இருக்கும் இடத்தைப் படம்பிடித்துக் காட்ட உதவும். வேறு சில அக்கட்டியின் செல்களை அழிக்க உதவும். தனிமம் ஒன்றேயாதலால், எந்த மருந்தோடு சேர்த்து நோயைக் கண்டறிகின்றார்களோ அதே மருந்தோடு சேர்த்து அதனைத் தாக்கவும் வழி பிறக்கின்றது.

நிறைவாக ஒன்று கூறுவோம். ஒரு பொருள் நீடித்திருந்தால்தான் அது கவனத்திற்குரியது என்று நாம் எண்ணுகின்றோம். இவ்விஞ்ஞானிகள் அவ்வாறு எண்ணவில்லை. நூறில் ஒரு பங்கு நொடி வாழும் ஒன்றுக்காகப் பல ஆண்டுகள் கருவி அமைத்துக் காத்திருந்தனர். அதனைவிட அரியது மற்றொன்று. கணக்கு ஆயிரத்தில் ஓரிரு பங்கு குறைந்தபோது, அதனை மூடி மறைக்கவும் இல்லை. அதனை வைத்து ஆரவாரம் செய்யவும் இல்லை. எந்தப் படி உத்தேசமாக எடுத்துக்கொள்ளப்பட்டது என்று தேடிச் சென்று, அதனை முதலில் நேராக அளந்தனர். கடையிலும், களத்துமேட்டிலும், சங்கக் கணக்கிலும், குடும்பச் செலவிலும் தொகை குறையும்போது நாமும் முதலில் செய்யத்தக்கது அதுவே.